முதல் தொகுதியில் இருந்தது, ஐந்தாம் தொகுதி மறுத்தது: தாமஸ் நாஷ் முழுத்தொகுப்பை மேற்கோள் காட்டியதில் நேர்ந்த பிழை – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் ஆய்வு உதவிப் பிரிவில் நான் பணியாற்றிய காலத்தில் நடந்தது இது. சம்பந்தப்பட்டவர்கள் மூவர்: எலிசபெத் காலத்து உரைநடையில் முதுகலை ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த ஒரு மாணவி, அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர், நான். மாணவியும் பேராசிரியரும் பெயர் சொல்லாமல் பதிவு செய்ய இசைந்திருக்கிறார்கள். பிழையில் நூலகத்துக்கும் பங்கு உண்டு என்பதால் அதன் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

ஆய்வுக்குரியவர் தாமஸ் நாஷ். 1567-இல் லோஸ்டாஃப்ட் துறைமுக ஊரில் ஞானஸ்நானம் பெற்று, கேம்பிரிட்ஜின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் படித்து, லண்டனில் அச்சுக்கு எழுதிப் பிழைத்தவர். அங்கதமும் வசையும் அவருக்குக் கைவந்த கலை. 1592-இல் வந்த ‘பியர்ஸ் பென்னிலெஸ்’ அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. கேம்பிரிட்ஜ் அறிஞர் கேப்ரியல் ஹார்வியோடு அவர் நடத்திய எழுத்துச் சண்டை பல ஆண்டு நீடித்தது. 1599 ஜூனில் கேன்டர்பரி பேராயரும் லண்டன் ஆயரும் பிறப்பித்த ஆணை, நாஷ், ஹார்வி இருவரின் நூல்களும் எங்கே கிடைத்தாலும் கைப்பற்றப்பட வேண்டும், இனி ஒருபோதும் அச்சிடப்படக் கூடாது என்றது. அடுத்த இரண்டொரு ஆண்டுகளில் நாஷ் இறந்துபோனார்.

அவருடைய எழுத்துகள் முழுவதையும் ஒரே வரிசையில் காண ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆயின. பிளாக்பர்ன் நகரில் பிரஸ்பிட்டேரியன் போதகராக இருந்த அலெக்சாண்டர் கிரோசார்ட் 1883 முதல் 1885 வரை ‘ஹத் நூலகம்’ வரிசையில் ஆறு தொகுதிகளாக, தனிச் சுற்றுக்கு மட்டும் என்று அச்சிட்டு வெளியிட்டார். அதே ஆண்டுகளை ஒட்டி, நாஷ் காலத்து எழுத்தாளர்களான ராபர்ட் கிரீனைப் பதினைந்து தொகுதிகளிலும், டெக்கரின் நாடகம் அல்லாத எழுத்துகளை ஐந்திலும், ஹார்வியை மூன்றிலும் அவரே பதிப்பித்தார். இந்த வேகத்தில் பிழை புகாமல் இருந்திருந்தால்தான் வியப்பு. பின்னர் ரொனால்டு மெக்கெரோ மூல அச்சுகளை ஒப்பிட்டு 1904 முதல் 1910 வரை ஐந்து தொகுதிகள் வெளியிட்டார். முதல் மூன்றில் மூலபாடம், நான்காவதில் விளக்கக் குறிப்புகள், ஐந்தாவதில் முன்னுரையும் வாழ்க்கை வரலாறும் பொருளடைவும் அமைந்தன. 1958-இல் எஃப். பி. வில்சனின் துணைக்குறிப்புகளோடு அது மறு அச்சாயிற்று. இன்றுவரை நாஷ் பற்றி எழுதுகிறவர்கள் தொகுதி எண், பக்க எண் கொடுப்பது பெரும்பாலும் மெக்கெரோவுக்குத்தான்.

எங்கள் நூலகத்தில் மெக்கெரோவின் முதல் மூன்று தொகுதிகள் திறந்த அலமாரியில் இருந்தன. கடைசி இரண்டும், இடநெருக்கடி காரணமாக யாரோ எப்போதோ எடுத்த முடிவின்படி, நகருக்கு வெளியே உள்ள கிடங்கில் இருந்தன. நூற்பட்டியலில் ஐந்துக்கும் சேர்த்து ஒரே பதிவு இருந்தது.

மாணவியின் வாதம்

1594-இல் வெளியான ‘தி அன்ஃபார்ச்சுனேட் டிராவலர்’ நாஷின் நீண்ட உரைநடைக் கதை. எட்டாம் ஹென்றியின் படையோடு பிரான்சுக்குப் போகும் ஜாக் வில்ட்டன் என்ற ஏவலாள் இளைஞன், பிறகு ஜெர்மனி, வெனிஸ், ஃபுளோரன்ஸ், ரோம் என்று அலைந்து, கண்டதையெல்லாம் எள்ளி நகைத்துச் சொல்லும் கதை அது. அந்தக் கதைசொல்லி திடீரென்று முளைத்தவன் அல்லன், ஐந்தாண்டு முன்பே நாஷ் அவனை ஒத்திகை பார்த்துவிட்டார் என்பதே மாணவியின் வாதம்.

அந்த ஒத்திகையை அவர் மார்ட்டின் மார்பிரலேட் விவகாரத்தில் கண்டார். 1588 அக்டோபர் தொடங்கி, மார்ட்டின் மார்பிரலேட் என்ற புனைபெயரில், ஊர் ஊராக மறைத்து நகர்த்தப்பட்ட அச்சுப்பொறியிலிருந்து ஆயர்களைக் கிண்டல் செய்யும் சிறுபிரசுரங்கள் வந்தன. 1589 ஆகஸ்டில் மான்செஸ்டர் அருகே அச்சுப்பொறி பிடிபட்டது. மார்ட்டினுக்கு அவர் பாணியிலேயே பதில் சொல்ல எழுத்தாளர்கள் இறக்கப்பட்டார்கள். அந்தப் பதில்களில் மூன்று, பாஸ்குவில் என்ற பெயரில் 1589-லும் 1590-லும் வந்தன. ரோமில் வசைப்பாட்டுகளை ஒட்டிவைக்கும் ஒரு பழஞ்சிலையின் பெயர் அது. மூன்றில் இரண்டாவதன் தலைப்பே, கடலுக்கு அப்பாலிருந்து திரும்பிய கவலியரோ பாஸ்குவில், லண்டன் ராயல் எக்ஸ்சேஞ்ச் வணிகக் கூடத்தில் மார்ஃபோரியஸைச் சந்தித்ததைச் சொல்கிறது. மார்ஃபோரியஸும் ரோமச் சிலைதான்.

வெளிநாடு சுற்றித் திரும்பி, கண்டதைப் பரிகசித்துச் சொல்லும் ஒரு குரல். இதை ஜாக் வில்ட்டனோடு சேர்த்துவைத்தால் ஒரு நல்ல அத்தியாயம் கிடைக்கும். மாணவி அப்படித்தான் எழுதினார், நன்றாகவும் எழுதினார். பிப்ரவரியில் வரைவைப் படித்த பேராசிரியர் பாராட்டியதோடு ஒரே ஒரு கேள்வியைப் பக்க ஓரத்தில் எழுதியிருந்தார்: பாஸ்குவில் நாஷ்தான் என்பதற்கு ஆதாரம் எங்கே?

அதற்கு மாணவி எழுதிய அடிக்குறிப்பை அப்படியே வைத்திருக்கிறேன். கிரோசார்ட் தொகுப்பிலும் மெக்கெரோ தொகுப்பிலும், இரண்டிலுமே முதல் தொகுதியில், ஐயத்துக்குரிய நூல்கள் என்ற பிரிவில் சேர்க்கப்படாமல் இவை இடம்பெற்றிருக்கின்றன என்பதே அதன் சாரம். சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. பேராசிரியரும் அதற்குமேல் கேட்கவில்லை. அவருடைய துறை நாடகம், சிறுபிரசுரம் அன்று.

ஐந்தாம் தொகுதி வந்த பிறகு கண்டவை

மே மாதத்தில் மாணவி உதவி மேசைக்கு வந்தது இந்த ஐயத்தோடு அல்ல. நாஷின் எழுத்துகளில் வெனிஸ் எங்கெல்லாம் வருகிறது என்று பார்க்க அவருக்குப் பொருளடைவு வேண்டியிருந்தது. அது ஐந்தாம் தொகுதியில் இருக்கிறது என்று சொல்லி, நான்காவதையும் சேர்த்துக் கிடங்கிலிருந்து வரவழைக்கக் கோரிக்கை எழுதினேன். மறுநாள் காலை இரண்டும் வந்தன. மதியத்துக்குள் மாணவி மீண்டும் மேசைக்கு வந்து, முன்னுரையில் மார்பிரலேட் விவகாரம் பற்றிய பகுதியைத் திறந்து என் முன் வைத்தார். பாஸ்குவில் நூல்களை நாஷ் எழுதியதாகக் கொள்ள இயலாது என்ற முடிவுக்கு மெக்கெரோ அங்கே வந்திருந்தார்.

முதலில் எங்களுக்கு இது முரண்பாடாகத் தோன்றியது. நாஷுடையதல்ல என்று கருதும் நூல்களை ஒரு பதிப்பாசிரியர் முதல் தொகுதியிலேயே எதற்குச் சேர்க்க வேண்டும்? தலைப்பேட்டின் ஆண்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. முதல் தொகுதி 1904, ஐந்தாவது 1910. ஒரு மனிதர் ஆறாண்டு உழைத்து, அந்த உழைப்பின் வழியாகவே மனம் மாறி, மாறியதை ஒளிக்காமல் கடைசித் தொகுதியில் எழுதிவைத்திருக்கிறார். முதல் தொகுதி அச்சாகி வீடுகளுக்கும் நூலகங்களுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அதைத் திரும்ப அழைக்க முடியாது. 1904-இல் அவர் சேர்த்தபோது பின்பற்றியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பொதுக் கருத்தை. கிரோசார்ட் சேர்த்ததும் அதே கருத்தால்தான். ஆகவே மாணவி இரண்டு சாட்சிகள் என்று எண்ணியது உண்மையில் ஒரே சாட்சி, இருமுறை கூண்டேறியது.

அடுத்துக் கண்டது எனக்கு இன்னும் வேடிக்கையாக இருந்தது. மார்ட்டினுக்குப் பதிலாக 1590-இல் வந்த மற்றொரு சிறுபிரசுரம் ‘ஆன் ஆல்மண்ட் ஃபார் எ பாரட்’, அதாவது கிளிக்கு ஒரு வாதுமை. இதை மெக்கெரோ மூன்றாம் தொகுதியின் கடைசியில், ஐயத்துக்குரிய நூல்களோடு வைத்தார். ஆனால் 1944-இல் டொனால்டு மெக்கின் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, மார்பிரலேட் விவகாரத்தில் நாஷ் எழுதியது ஒன்று உண்டென்றால் அது இதுவே என்ற கருத்து வலுத்தது. இன்றைய ஆய்வாளர் பலர் அப்படியே கொள்கிறார்கள். முன்வாசலில் நின்றது வெளியாள். கொல்லைப்புறத்தில் நின்றது வீட்டுப் பிள்ளை.

நான்காம் தொகுதியைப் புரட்டியபோது மாணவி காட்டிய ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும், அதே பழக்கம் அங்கும் தெரிவதால். ‘சம்மர்ஸ் லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்’ நாடகத்தில் கொள்ளைநோய்க் காலத்துப் பாட்டு ஒன்று வருகிறது. அதில் காற்றிலிருந்து ஒளி உதிர்கிறது என்று பொருள்படும் வரி, ஆங்கிலக் கவிதையில் புகழ்பெற்றது. 1600-ஆம் ஆண்டின் ஒரே பதிப்பில் இருப்பது ‘ஏர்’, காற்று. மூன்றாம் தொகுதியில் மெக்கெரோ அதையே அச்சிட்டார். குறிப்புகள் தொகுதியிலோ, நாஷ் எழுதியது ‘ஹேர்’, கூந்தல், என்றே பலமாகச் சந்தேகிப்பதாகவும், அப்படியிருந்தால் பொருள் வெளிப்படையாகும், ஆனால் மிகவும் தாழ்ந்துவிடும் என்றும், காற்றாகவே இருக்க வேண்டும் என்று விரும்புவதாகவும் எழுதுகிறார். ஓர் எழுத்து விடுபட்டதா இல்லையா என்று சொல்ல வேறு பிரதி கிடையாது. மூன்றாம் தொகுதியை மட்டும் வைத்திருப்பவருக்கு இந்தச் சந்தேகம் இருப்பதே தெரியாது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஆய்வேட்டை ஒப்படைக்க நான்கு மாதங்களுக்குக் குறைவாகவே இருந்தது. மாணவி, பேராசிரியர், நான் மூவரும் உட்கார்ந்து பேசினோம். அத்தியாயத்தை நீக்கிவிடலாம் என்றார் மாணவி. பாஸ்குவில் நாஷாக இருக்கக்கூடும் என்று ஓர் அடிக்குறிப்புப் போட்டு, அத்தியாயத்தை அப்படியே விடலாம் என்ற யோசனையும் வந்தது. பேராசிரியர் அதை ஏற்கவில்லை. பதினைந்து பக்கம் ஓர் உறுதியைச் சொல்லிவிட்டு அதை அடிக்குறிப்பில் தளர்த்துவது நேர்மையல்ல என்றார். எனக்கும் அதே எண்ணம்.

மூன்றாவது வழியை மாணவியே கண்டார். ‘ஆல்மண்ட்’ நூலின் சமர்ப்பணம் வில் கெம்ப் என்ற புகழ்பெற்ற நகைச்சுவை நடிகருக்கு எழுதப்பட்டது. அதில் பேசுபவர், வெனிஸிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பும் வழியில் பெர்கமோவில் ஓர் இத்தாலியக் கோமாளி நடிகரைச் சந்தித்ததாகவும், அவர் கெம்ப்பைப் பற்றி விசாரித்ததாகவும் சொல்கிறார். நாஷ் இத்தாலி போனதற்குச் சான்று ஏதும் இல்லை. இது முழுக்கப் புனைந்த பயணம். ஆகவே பொய்ப் பயணியின் குரலைத் தேடிய மாணவிக்கு, இழந்ததைவிடப் பொருத்தமான பகுதியே கையில் கிடைத்தது. ஆனால் அதுவும் பெயர் இல்லாமல் வந்த நூல். ஆகவே நாஷ் எழுதியது என்று பல ஆய்வாளர்கள் கருதும் நூல் என்ற அளவோடு நிறுத்திக்கொள்வது, அத்தியாயத்தின் முதல் பத்தியிலேயே அதைச் சொல்லிவிடுவது, முடிவுரையில் எந்த வாக்கியமும் இதன்மேல் மட்டும் நிற்காதபடி பார்த்துக்கொள்வது என்று தீர்மானித்தோம்.

இரண்டாவது முடிவு, ஆய்வேட்டில் உள்ள எல்லா மேற்கோள்களையும் மீண்டும் சரிபார்ப்பது. ஒரு பிழை இப்படி நுழைந்திருந்தால் இன்னொன்றும் நுழைந்திருக்கும் என்பது என் அனுபவம். இரண்டு கிடைத்தன.

ஒன்று ‘அன்ஃபார்ச்சுனேட் டிராவலர்’ பற்றியது. 1594-இல் இதற்கு இரண்டு பதிப்புகள் வந்தன. இரண்டாவது, திருத்தி விரிவாக்கியது என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டது. பின்னாளில் வந்த பிரதியில் ஆசிரியரின் திருத்தம் இருக்கிறது என்று நினைக்க இடம் இருந்தால் அதையே அடிப்படைப் பிரதியாகக் கொள்ள வேண்டும் என்ற கொள்கையோடு மெக்கெரோ இரண்டாம் பதிப்பை எடுத்தார். அடிப்படைப் பிரதி என்ற கருத்துக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் ‘காப்பி-டெக்ஸ்ட்’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததே இந்தத் தொகுப்புதான். பின்னாளில் அவரே அந்தக் கொள்கையிலிருந்து விலகினார். 1950-51-இல் பதிப்பியல் அறிஞர் டபிள்யூ. டபிள்யூ. கிரெக் எழுதிய கட்டுரை, திருத்தங்களோடு அச்சகத்தின் தன்னிச்சையான மாற்றங்களும் உள்ளே வந்துவிடும் ஆபத்துக்கு இந்தக் கதையின் பதிப்பையே எடுத்துக்காட்டாகக் கொண்டது. மாணவியோ, சவுத்ஹேம்ப்டன் பிரபுவுக்கு எழுதிய சமர்ப்பணத்தை வைத்து நாஷ் யாருக்காக எழுதினார் என்று வாதித்துவிட்டு, அடுத்த பக்கத்தில் இரண்டாம் பதிப்பின் சொற்களை அதே வாசகருக்கு எழுதியவையாகக் கொண்டிருந்தார். அந்தச் சமர்ப்பணம் முதல் பதிப்பில் மட்டுமே உண்டு. இரண்டாவதில் அது எடுக்கப்பட்டுவிட்டது. சமர்ப்பணத்தைப் பேசும் இடங்களில் முதல் பதிப்பின் ஒளிநகலைப் பார்த்து மேற்கோளை மாற்றினார்.

மற்றொன்று ‘கிறிஸ்ட்ஸ் டியர்ஸ் ஓவர் ஜெருசலம்’ நூலின் முன்னுரை. 1593-இல் வந்த இந்த நூலின் முன்னுரையில் நாஷ் ஹார்வியோடு சமாதானம் பேசி, அங்கதத்துக்கு விடைகொடுப்பதாக அறிவித்தார். லண்டன் நகரைக் கடிந்த பகுதிக்காக நகர ஆட்சியாளர்களிடம் சிக்கிச் சிறைப்பட்டார். 1594-இல் அதே அச்சுத்தாள்கள், நகரைச் சீண்டிய பகுதி மாற்றப்பட்டு, புதிய முன்னுரையோடு மீண்டும் விற்பனைக்கு வந்தன. இந்த முன்னுரையில் சமாதானத்தை அவர் திரும்பப் பெற்றுக்கொள்கிறார். தம் கூட்டுச்சொற்களையும் ‘ஐஸ்’ (-ize) என்று முடியும் வினைகளையும் குறைசொன்னவர்களுக்குப் பதிலும் தருகிறார். ஆங்கிலம் ஓரசைச் சொற்களாகிய சில்லறையால் நிரம்பிக் கிடக்கிறது, அவற்றால் மட்டும் எழுதிய நூல் அரைக்காசும் இரண்டுகாசும் மட்டுமே கிடக்கும் கடைக்காரரின் கல்லாப்பெட்டி போன்றது, ஆகவே நான் என் சில்லறைக் குவியலை எடுத்துப்போய் நான்குக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டேன் என்பது அவர் வாதம். நாஷை முதன்முதலாகப் படிப்பவரிடம் நான் கொடுப்பது இந்தப் பத்தியைத்தான். மாணவியும் இதை விரும்பி மேற்கோள் காட்டியிருந்தார்; ஆண்டு மட்டும் 1593 என்றிருந்தது. தொகுப்பில் இரண்டு முன்னுரைகளும் ஒரே நூலின் தலைப்பின்கீழ் வருகின்றன. ஓராண்டுதான் வித்தியாசம், ஆனால் அந்த ஓராண்டுக்குள் சிறையும் சமாதான முறிவும் இருக்கின்றன.

பின்விளைவு

ஆய்வேடு செப்டம்பரில் உரிய நாளில் ஒப்படைக்கப்பட்டது. அத்தியாயம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. புறத்தேர்வாளர் தம் அறிக்கையில், ஆசிரியர் யார் என்ற சிக்கலைக் கையாண்ட முறையைத் தனியே குறிப்பிட்டுப் பாராட்டினார். அதே சமயம், ‘ஆல்மண்ட்’ மீது வைத்த பாரம் இன்னும் சற்றுக் கூடுதல்தான் என்றும் எழுதினார். மாணவிக்கு அது வருத்தம். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

நூலகப் பக்கத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஐந்து தொகுதிகளையும் ஒரே அலமாரிக்குக் கொண்டுவரக் கேட்டேன். இடம் இல்லை என்று முதலில் மறுத்தார்கள். பிறகு நான்காவதையும் ஐந்தாவதையும் கொண்டுவந்து, கிரோசார்ட் தொகுப்பின் நவீன மறு அச்சைக் கிடங்குக்கு அனுப்பினார்கள். நான் கேட்டது அதுவல்ல என்றாலும் மறுக்கவில்லை. அடுத்து, நூற்பட்டியல் பதிவில் ஒரு குறிப்புச் சேர்த்தோம்.

இப்போதானால் செய்யக்கூடியவை

என் தவறு ஒன்றுண்டு. அந்தக் கல்வியாண்டின் தொடக்கத்தில், அக்டோபரிலேயே, நாஷ் நூல்கள் எங்கே என்று கேட்டு மாணவி மேசைக்கு வந்தபோது, அலமாரி எண்ணைச் சொல்லி அனுப்பிவைத்தேன். மீதி இரண்டு தொகுதிகள் வேறிடத்தில் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும், சொல்லத் தோன்றவில்லை. இப்போது, பழைய முழுத்தொகுப்பு எதைக் கேட்டு வந்தாலும், கடைசித் தொகுதியின் முன்னுரையை முதலில் படிக்கச் சொல்கிறேன். பல ஆண்டுகள் விட்டுவிட்டு வெளியான தொகுப்பானால் ஒவ்வொரு தொகுதியின் ஆண்டையும் தனித்தனியே எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். 1904–1910 என்று ஒரே கோட்டில் எழுதுவது மேற்கோள் முறைக்குப் போதும். அந்தக் கோட்டுக்குள் ஒரு மனமாற்றம் இருப்பதை அது காட்டாது.

பேராசிரியர் வேறொன்று சொன்னார். பிப்ரவரியில் தாம் கேட்ட கேள்வி சரியானது. வந்த விடையில் இரண்டு தொகுப்புகளின் பெயர் இருந்ததால் மனம் அமைதியடைந்துவிட்டது. இரண்டாவது முதலாவதிடமிருந்து எதைப் பெற்றுக்கொண்டது என்று கேட்டிருக்க வேண்டும் என்றார்.

மறு அச்சு வைத்திருக்கும் நூலகங்களுக்கும் இது பொருந்தும். 1958 மறு அச்சு மெக்கெரோவின் பக்கங்களை அப்படியே காத்தது. பழைய மேற்கோள்கள் செல்லுபடியாக வேண்டும் என்பதற்கு அதுவே வசதி. ஆகவே பாஸ்குவிலும் முதல் தொகுதியில் அதே பக்கங்களில் இருக்கிறார்.

எங்கள் முதல் தொகுதியின் முன் அட்டைக்குள் ஒரு சிறு சீட்டு ஒட்டியிருக்கிறது. பாஸ்குவில் பெயரில் உள்ள மூன்று நூல்களின் ஆசிரியர் குறித்துத் தொகுதி 5-இன் முன்னுரை காண்க என்று அதில் எழுதியிருக்கிறது, கையெழுத்து மாணவியுடையது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்துக்காக நாஷின் புதிய முழுப்பதிப்பு ஒன்று தயாராகிவருகிறது. அது அலமாரிக்கு வரும் நாளில் அந்தச் சீட்டில் இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டியிருக்கும். அதற்கு இடம் விட்டே எழுதியிருக்கிறார்.